ஸ்மார்ட் பல்பும் சுவர் ஸ்விட்சும்: இரண்டையும் இணைத்து ஆளும் முறைகள்

இருண்ட அறைக்குள் நுழையும் ஒருவர் முதன் முதலில் செய்வது யாது? கதவுக்கு அருகே சுவரைத் தடவி ஸ்விட்சை அழுத்துவதே. இதனை எவரும் சிந்தித்துச் செய்வதில்லை. கை தானாகவே செய்கிறது. இப்பழக்கத்தின் வயது ஏறக்குறைய 140 ஆண்டுகள் எனலாம். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துப் பொறியாளரான ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பார், தொடுமுனைகள் மிக விரைவாக விலகிப் பிரியும் ஸ்விட்சை 1884-ஆம் ஆண்டில் அமைத்தார். முனைகள் மெல்லப் பிரியுமாயின், அவற்றிடையே மின்பொறி நீடித்து உலோகத்தைத் தீய்த்துவிடும். விரைந்து பிரியுமாயின் பொறி உடனே அணைந்துவிடும். இன்றும் நம் வீட்டு ஸ்விட்சை அழுத்தும்போது எழும் ‘டக்’ என்ற ஓசை, அந்த விரைவின் அடையாளமேயாகும்.

அண்மைக் காலத்தில் ‘ஸ்மார்ட் பல்பு’ எனப்படும் புதுவகை விளக்கு நம் கடைகளுக்கு வந்துள்ளது. கைபேசியின் வாயிலாகவோ, வாய்ச்சொல்லாலோ, குறித்த நேரத்தில் தானாகவோ இதனை ஏற்றலாம்; அணைக்கலாம்; ஒளியைக் கூட்டலாம்; குறைக்கலாம். ஆனால் இவ்விளக்கை வாங்கிப் பழைய மாட்டியில் பொருத்திய பலர், சில நாட்களிலேயே ஒரு சங்கடத்தை உணர்கின்றனர். சுவர் ஸ்விட்சும் ஸ்மார்ட் பல்பும் ஒன்றுக்கொன்று பகை போல நடந்துகொள்கின்றன. இப்பகை எதனால் உண்டாகிறது, அதனை எவ்வாறு தீர்ப்பது, எல்லா யந்திர நுட்பமும் கைவிட்ட வேளையிலும் விளக்கு கைக்கு அடங்கி எரிய என்ன ஏற்பாடு தேவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பகையின் காரணம்

சாதாரண விளக்கின் மின்சுற்று மிக எளியது. 230 வோல்ட் மின்சாரம் பேஸ் கம்பியின் வழியாக ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குச் சென்று, நியூட்ரல் கம்பியின் வழியாகத் திரும்புகிறது. ஸ்விட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும் என்பது மின்கம்பி அமைப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 732 வற்புறுத்தும் நியதி. ஸ்விட்ச் திறந்தால் விளக்குக்கு மின்சாரம் இல்லை, மூடினால் உண்டு. இடையில் வேறு எவருடைய அனுமதியும் வேண்டா.

ஸ்மார்ட் பல்பு அவ்வாறன்று. அதன் அடிப்பாகத்தினுள் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, மாறுதிசை மின்சாரத்தை எல்.இ.டி. துண்டுகளுக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக்கும் பகுதி. இரண்டாவது, கட்டளைகளை அறிந்து செயலாற்றும் மிகச் சிறிய கணிப்பொறி. மூன்றாவது, கட்டளைகளை வாங்கும் ரேடியோக் கருவி. வைஃபை, ஜிக்பீ, புளூடூத் என்று முறைகள் பலவாயினும், நம் நாட்டில் விற்கப்படும் பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே பேசுகின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும் ரேடியோக் கருவி விழித்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் ஓயாது வர வேண்டும்.

பகையின் வேர் இங்கேதான் உள்ளது. சுவர் ஸ்விட்ச் என்பது கட்டளை இடும் கருவியன்று. மின்சாரத்தையே துண்டிக்கும் கருவி. அதனை அணைத்தால் விளக்கோடு அதன் செவியும் மூளையும் ஒருங்கே அணைகின்றன. பின்னர்க் கைபேசியில் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஜிக்பீ முறையில் வேறொரு தீங்கும் உண்டு. அம்முறையில் ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்தும் அஞ்சற்காரனாகவும் விளங்குகிறது. ஆதலின், ஓர் அறையின் ஸ்விட்சை அணைத்தால் அப்பாலுள்ள அறையின் விளக்கும் சில வேளைகளில் சொற்கேளாமல் போகக்கூடும்.

இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகன் இரவில் படுக்குமுன், தாழ்வாரத்து விளக்கைக் கைபேசியால் அணைக்கிறான். சுவர் ஸ்விட்ச் மூடிய நிலையிலேயே இருக்கிறது. நள்ளிரவில் எழும் வயதான பாட்டி, பழகிய இடத்தில் ஸ்விட்சை அழுத்துகிறார். அவ்வழுத்தம் ஸ்விட்சைத் திறக்கிறது, விளக்கு எரியவில்லை. விளக்குக் கெட்டுவிட்டது என்று எண்ணி அவர் இருளிலேயே நடக்கிறார். முதியோர்க்கு இரவில் தடுக்கி விழுதல் எத்தகைய அபாயம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. மீண்டும் ஒரு முறை அழுத்தினால் விளக்கு எரியுமா எனில், அதற்கும் உறுதி இல்லை. அஃது அடுத்துக் கூறப்போகும் ஓர் அமைப்பைப் பொறுத்தது.

மின்சாரம் திரும்பியபின் நிகழ்வது

மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது தான் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஸ்மார்ட் பல்பு தன் நினைவில் வைத்திருக்கிறது. இது பெரும்பாலும் மூன்று வகையாக அமைக்கத் தக்கது: எரிதல், எரியாதிருத்தல், முன்பிருந்த நிலைக்கே திரும்புதல்.

முதல் வகையில், ஸ்விட்சை ஒரு முறை அணைத்து மீண்டும் போட்டால் விளக்கு உறுதியாக எரியும். பாட்டிக்கு இரண்டாம் அழுத்தத்தில் ஒளி கிடைக்கும். ஆனால் நள்ளிரவில் மின்தடை ஏற்பட்டு விடியற்காலை 3 மணிக்கு மின்சாரம் திரும்பினால், வீட்டு விளக்குகள் யாவும் ஒருங்கே எரிந்து உறங்குவோரை எழுப்பிவிடும். இரண்டாம் வகையில் இத்தொல்லை இல்லை. ஆனால் சுவர் ஸ்விட்சால் விளக்கை ஏற்றவே இயலாது. மூன்றாம் வகை நடுநிலையானதாகத் தோன்றினும், அணைந்திருந்த விளக்கு மின்சாரம் வந்தபின்னும் அணைந்தே இருக்குமாதலால், கைபேசி கையில் இல்லாதவர்க்கு அதுவும் இரண்டாம் வகையை ஒத்ததே.

ஆகவே, தாழ்வாரம், மாடிப்படி, குளியலறை, சமையலறை ஆகிய இடங்களில் முதல் வகையையே தேர்ந்துகொள்ள வேண்டும். படுக்கையறையில் மூன்றாம் வகையை வைக்கலாம். ஆயின் அவ்வறையில் சாதாரண விளக்கு ஒன்றும் இருத்தல் அவசியம்.

மற்றுமொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. பல தயாரிப்புகளில், ஸ்விட்சை விரைவாக ஐந்தாறு முறை போட்டு அணைத்தால், பல்பு தன் நினைவு முழுவதையும் அழித்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும்படி அமைத்துள்ளனர். மின்சாரம் அடுத்தடுத்து வந்து வந்து போகும் ஊர்களில், எவரும் தொடாமலே இது நிகழ்ந்துவிடுவதுண்டு. பல்பு திடீரென்று மினுக்கி மினுக்கி எரிந்தால், அது பழுதன்று. மீண்டும் அறிமுகம் வேண்டி நிற்கிறது என்று அறிக.

முதல் முறை: ஸ்விட்சை மூடியே வைத்து, பக்கத்தில் பொத்தான் அமைத்தல்

சுவர் ஸ்விட்சை எப்போதும் மூடிய நிலையில் விட்டு, அதன் அருகே மின்கலத்தால் இயங்கும் ரேடியோப் பொத்தான் ஒன்றை ஒட்டிவைப்பது எளிய வழி. கம்பி வேலை ஏதும் இல்லை. வாடகை வீட்டிலும் செய்யலாம். பொத்தானை அழுத்தினால் கட்டளை மட்டுமே செல்கிறது; மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. மின்கலமே இல்லாத பொத்தான்களும் உள. விரலின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் சிறு காந்தம் அசைந்து, ஒரு செய்தி அனுப்பப் போதுமான மின்சாரத்தை அக்கணமே பிறப்பிக்கிறது. ஜெர்மனியில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட என்ஓஷன் என்ற நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது.

இம்முறையில் இரு விதிகளைக் கடைப்பிடித்தல் நலம். பொத்தானின் செய்தி இடையில் வேறு கருவியை நாடாமல் நேரே பல்புக்குச் செல்லுமாறு இரண்டையும் பிணைத்து வைக்க வேண்டும். ஜிக்பீ முறையில் இதற்கு வசதி உண்டு. அன்றியும், பழைய ஸ்விட்சை முற்றிலும் மறைத்துவிடுதல் கூடாது. பொத்தானின் மின்கலம் தீர்ந்த நாளில், அதே ஸ்விட்சை அணைத்துப் போட்டு ஒளி பெற வேண்டுமன்றோ? திறந்து மூடத்தக்க மூடி ஒன்று போதுமானது.

இரண்டாம் முறை: ஸ்விட்சின் பின்னே ரிலே அமைத்தல்

விளக்கைச் சாதாரணமாகவே விட்டு, மதிநுட்பத்தை ஸ்விட்சுப் பெட்டிக்குள் வைப்பது இரண்டாம் முறை. தீப்பெட்டி அளவினதான ரிலேக் கருவியொன்று ஸ்விட்சின் பின்னே அமைக்கப்படுகிறது. சுவர் ஸ்விட்ச் இப்போது விளக்கின் மின்சாரத்தைத் தாங்குவதில்லை. ரிலேக் கருவிக்குக் குறிப்பு மட்டும் தருகிறது. கைபேசிக் கட்டளையும் அக்கருவிக்கே வருகிறது. இரண்டில் எது வரினும் ரிலே மாறி, விளக்கு எரியும் அல்லது அணையும். இணையம் இல்லாவிடினும் சுவர் ஸ்விட்ச் வழக்கம் போல் பணிபுரியும்.

நம் நாட்டின் நிலைமைக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மக்களைச் சென்றடைந்துள்ளன. அவற்றை எறிந்துவிடாமல் அப்படியே பயன்படுத்தலாம். பல்பு கெட்டால் எந்தக் கடையிலும் வேறொன்று வாங்கலாம். ஒளியின் நிறத்தை மாற்ற இயலாது என்பதே குறை.

ரிலேக் கருவி இயங்கப் பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் வேண்டும். பல அயல்நாட்டு வீடுகளில் ஸ்விட்சுப் பெட்டியில் நியூட்ரல் இராது. நம் வீடுகளிலோ, ஸ்விட்சுப் பலகையிலேயே பிளக் மாட்டும் துளைகளும் பெரும்பாலும் இருப்பதால், நியூட்ரல் அங்கேயே கிடைக்கிறது. நியூட்ரல் வேண்டாத கருவிகளும் விற்கின்றன. அவை தமக்குத் தேவையான சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு எடுத்துக்கொள்கின்றன. அதனால், அணைத்தபின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்வதோ மினுக்குவதோ உண்டு.

ஆயினும் இம்முறையிலும் ஒரு பலவீனம் எஞ்சுகிறது. கருவியினுள் இருக்கும் சிறு கணிப்பொறி செயலற்றுப் போனால், சுவர் ஸ்விட்சின் குறிப்பை வாங்குவார் இல்லை. இணையம் கெட்டால் தாங்கும். தானே கெட்டால் தாங்காது.

மூன்றாம் முறை: மாடிப்படி விளக்கின் பாடம்

இப்பலவீனத்தை நீக்கும் வழி, நம் மாடிப்படிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. படியின் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச்; எதை அழுத்தினாலும் விளக்கின் நிலை மாறும். இவற்றை ‘டூ-வே’ ஸ்விட்ச் என்பர். ஒவ்வொன்றிலும் ஒரு பொது முனையும் இரு மாற்று முனைகளும் உள்ளன. இரு ஸ்விட்சுகளின் மாற்று முனைகள் இரண்டு கம்பிகளால் இணைக்கப்பட்டுள்ளன. இரு பொது முனைகளும் ஒரே கம்பியைத் தொடும்போது சுற்று முழுமை பெற்று விளக்கு எரிகிறது. வெவ்வேறு கம்பிகளைத் தொடும்போது அணைகிறது.

இப்போது மேல்மாடி ஸ்விட்சின் இடத்தில் ஒரு ரிலேயை வைத்ததாக எண்ணுக. பேஸ் கம்பி சுவரிலுள்ள டூ-வே ஸ்விட்சின் பொது முனைக்கு வருகிறது. அதன் இரு மாற்று முனைகளும் ரிலேயின் இரு மாற்று முனைகளோடு இணைகின்றன. ரிலேயின் பொது முனையிலிருந்து விளக்குக்குக் கம்பி செல்கிறது. கைபேசிக் கட்டளை வந்தால் ரிலே புரளும். விரல் அழுத்தினால் ஸ்விட்ச் புரளும். இரண்டும் சம உரிமை உடையவை. இனி, ரிலேக் கருவியின் கணிப்பொறி முற்றிலும் இறந்துவிட்டது என்று கொள்வோம். ரிலே ஏதேனும் ஒரு பக்கத்தில் நின்றுவிடும். நின்றால் என்ன? சுவர் ஸ்விட்சை ஒரு பக்கம் தள்ளினால் விளக்கு எரியும். மறுபக்கம் தள்ளினால் அணையும். ரிலே இல்லாத காலத்து வீடு போலவே எல்லாம் நடக்கும். கைமுறைக் காப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது இவ்வமைப்பே எனலாம்.

இதற்கு வேண்டுவன இரண்டு. வாங்கும் ரிலே, ஒரு பொது முனையும் இரு மாற்று முனைகளும் கொண்டதாகவும், அம்முனைகள் கருவியின் பேஸ் கம்பியோடு உள்ளே இணைக்கப்படாதனவாகவும் இருத்தல் வேண்டும். மலிவான சிறு கருவிகள் பலவற்றில் ஒரே மாற்று முனைதான் இருக்கும். அவை இதற்கு உதவா. மேலும், ரிலேயின் நிலையைக் கொண்டு மட்டும் விளக்கு எரிகிறதா என்று அறிய இயலாதாகையால், விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தை உணரும் வசதியும் கருவிக்கு இருந்தால்தான் கைபேசித் திரை உண்மை கூறும்.

நான்காம் முறை: இரண்டிலும் மதிநுட்பம்

நிறம் மாறும் விளக்கு வேண்டும், சுவர் ஸ்விட்சும் வேண்டும் என்பார்க்கு நான்காம் முறை உண்டு. ஸ்மார்ட் பல்பையும் ரிலேயையும் சேர்த்தே அமைத்து, ரிலேயை எப்போதும் மூடிய நிலையில் வைத்தல் வேண்டும். சுவர் ஸ்விட்சின் அழுத்தம் ரிலேயைப் புரட்டாது. பல்புக்கு ரேடியோக் கட்டளையாக மட்டும் செல்லும். வலையமைப்பு அறுந்துவிட்டது என்று கருவி உணர்ந்தால், அப்போது மட்டும் ரிலேயைப் புரட்டி மின்சாரத்தையே துண்டித்தும் சேர்த்தும் பழைய ஸ்விட்சாக நடந்துகொள்ளும்படி அமைக்கலாம். இந்த மாற்று ஏற்பாடு இல்லாத கருவியை இம்முறைக்கு வாங்குதல் தகாது.

கட்டளை செல்லும் தூரம்

விளக்கு இருப்பது தலைக்கு மேலே 8 அடி உயரத்தில். கைபேசி இருப்பது கையில். ஆயினும் பல தயாரிப்புகளில், கட்டளை வீட்டு ரௌட்டரை அடைந்து, இணையத்தில் ஏறி, வேறொரு நாட்டின் கணிப்பொறி நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து திரும்பி வந்தே விளக்கை எட்டுகிறது. இந்நெடும் பாதையில் எவ்விடத்தில் தடை நேரினும் விளக்கு பணியாது.

இது வெறும் அச்சமன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அமேஸான் நிறுவனத்தின் கணிப்பொறிச் சேவையில் பழுது ஏற்பட்டபோது, அதனை நம்பியிருந்த வீட்டுச் சாதனங்கள் பல, மணிக்கணக்கில் கட்டளைக்குப் பணியவில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தின் கணிப்பொறி நிலையம் முன்னறிவிப்பின்றி நின்றுபோயிற்று. வாடிக்கையாளர்களின் கைபேசிக் கட்டளைகள் பயனற்றன. ஆனால் சுவரிலிருந்த ஸ்விட்சுகள் தொடர்ந்து விளக்குகளை ஏற்றி அணைத்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பயனாளர் சிலர் கூடி அந்நிறுவனத்தை வாங்கிய பின்னரே சேவை திரும்பிற்று.

வீட்டுக்குள்ளேயே கட்டளை முடிந்துவிடும் முறைகளை நாம் நாட வேண்டும் என்பது இந்நிகழ்ச்சிகளின் படிப்பினை. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்னும் பொதுத் தரமுறை, பல நிறுவனங்களின் சாதனங்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்கிறது. ரௌட்டரை இன்வெர்ட்டரோடு இணைத்து வைப்பதும் நல்லது. மின்சாரம் திரும்பியதும் பல்பு ஓரிரு நொடியில் விழித்துக்கொள்ளும்; ரௌட்டர் முழுமையாக இயங்கச் சில நிமிடங்கள் செல்லலாம். அந்த இடைவேளையில் கைபேசிக்குச் செவிசாய்ப்பார் இல்லை.

எச்சரிக்கைகள்

கைபேசியால் அணைக்கப்பட்ட ஸ்மார்ட் பல்பின் மாட்டியில் 230 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கிறது. பல்பைக் கழற்றுமுன் சுவர் ஸ்விட்சை அணைத்தாக வேண்டும். ஸ்விட்சின் பின்னே ரிலே அமைந்த இடங்களில் அதுவும் போதாது. தொலைவிலிருந்து எவரேனும் ரிலேயைப் புரட்டிவிடக் கூடும். ஆகையால் எம்.சி.பி.யையே அணைத்தல் வேண்டும். ஒளியைக் குறைக்கும் பழைய ரெகுலேட்டரோடு ஸ்மார்ட் பல்பை இணைத்தல் கூடாது. பல்பின் உள்ளுறுப்புகள் கெடும். ரிலே வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். நெருக்கமான பெட்டியில் கம்பிகளை அழுத்தித் திணித்தால் வெப்பம் மிகும்.

செலவையும் கருதுதல் முறை. வலையமைப்பில் விழித்திருக்கும் விளக்கு 0.5 வாட்டுக்கு மேல் உண்ணலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் விதித்துள்ளது. அவ்வளவே எனக் கொண்டாலும், ஒரு பல்பு ஓராண்டு முழுவதும் அணைந்திருந்தே 4.38 யூனிட் செலவழிக்கும். 10 பல்புகளுக்கு 43.8 யூனிட். தேவையான இடங்களில் மட்டும் இவற்றை அமைப்பது அறிவுடைமை.

நான்கு சோதனைகள்

அமைப்பு முடிந்ததும் வீட்டார் தாமே பின்வரும் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

1. ரௌட்டரை அணைத்துவிட்டுச் சுவர் ஸ்விட்சை அல்லது பொத்தானை அழுத்துக. விளக்கு ஏறி அணைதல் வேண்டும்.

2. கைபேசியால் விளக்கை அணைத்தபின், சுவர் ஸ்விட்சால் ஏற்றுக. இரண்டு அழுத்தத்துக்கு மேல் தேவைப்படலாகாது.

3. எம்.சி.பி.யை ஒரு நிமிடம் அணைத்துப் போடுக. ஒவ்வொரு விளக்கும் நீங்கள் எண்ணிய நிலைக்கே திரும்புகிறதா என்று பார்க்க.

4. கைபேசி அறியாத முதியவர் ஒருவரையோ, சிறுவன் ஒருவனையோ, வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தினரையோ இருட்டறைக்குள் அனுப்புக. யாதொன்றும் சொல்லித் தராமல் அவர் விளக்கை ஏற்றிவிட வேண்டும்.

நான்காவது சோதனையே தலையாயது. முதல் மூன்றில் தேறி இதில் தவறிய அமைப்பு, சாதனங்களின் அளவில் வெற்றியாயினும் வீட்டின் அளவில் தோல்வியே. கைபேசி, ரேடியோ, இணையம் ஆகியவை விளக்குக்குக் கூடுதலான கைகளைத் தருகின்றன. சுவரைத் தடவி வரும் பழைய கையை அவை தள்ளிவிடலாகாது. புதிய சாதனத்தை வாங்குமுன், ‘இது கெட்டால் எங்கள் பாட்டி எவ்வாறு விளக்கை ஏற்றுவார்?’ என்று விற்பவரைக் கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்தபின் அதனை வாங்குதல் நலம்.